ஒருமுறைதான் கேட்டாள்

மகள் என்னைக் கேட்கவில்லை என்று யாராவது சொன்னால் அது பொய். கேட்டாள். உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த கிழமை, பாரிசுக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில், நான் இறால் குழம்பை அவளுடைய சோற்றுக் கோப்பையில் ஊற்றிக்கொண்டிருக்கும்போது கேட்டாள். ஆனால் ஒருமுறைதான் கேட்டாள். என்னுடைய கோபம் முழுக்க அந்த ஒன்றில்தான் இருக்கிறது.

அவளும் மருமகனும் கோடை விடுமுறைக்குக் கென்யாவுக்குப் போக முடிவுகட்டியிருந்தார்கள். அங்கே மசாய் மாரா என்ற வனவிலங்குக் காப்பகம். மருமகன் அன்று வேலைக்குப் போய்விட்டதால் இவள் தனியாகத்தான் வந்திருந்தாள். போனை என் பக்கம் திருப்பிப் படங்களைக் காட்டினாள். மஞ்சள் புல்வெளி, அதற்கு நடுவே குடை விரித்த மாதிரி ஒற்றை மரம், மரத்தடியில் பச்சைக் கூடாரம்.

"கூடாரத்துக்குள்ளையே கட்டில், குளிக்கிற இடம் எல்லாம் இருக்கு அம்மா. விடியக்காலமை ஜீப்பிலை ஏத்திக்கொண்டு போய் எல்லா மிருகமும் காட்டுவினம். நீங்களும் வாறீங்களோ?"

"எனக்கென்னத்துக்கடி ஆபிரிக்கா! சின்னனுகள் நீங்கள் போட்டு வாங்கோ," என்றேன்.

"தக்கோர்," என்றாள். பிரெஞ்சில் சரி என்று அர்த்தம். விரலால் தட்டி அடுத்த படத்துக்குப் போய்விட்டாள்.

நான் அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். இப்போது கேட்பாள், இந்தா கேட்கப்போகிறாள் என்று இருந்தேன். அவள் சாப்பிட்டாள், இறால் நன்றாக இருக்கிறது என்றாள், கோப்பையைக் கழுவி வைத்தாள், இரண்டு கன்னத்திலும் கொஞ்சிவிட்டு ரயிலுக்கு ஓடிவிட்டாள். இரண்டாம்முறை கேட்கவேயில்லை.

எங்கள் ஆட்களைத் தெரியாதவர்களுக்கு இதை விளக்கித்தான் ஆகவேண்டும். ஒரு வீட்டுக்குப் போகிறோம். "ரீ குடிக்கிறீங்களோ?" என்று கேட்பார்கள். "ஐயோ வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வாறம்," என்போம். தொண்டை வறண்டு கிடந்தாலும் அதுதான் பதில். "சும்மா கொஞ்சம் குடியுங்கோவன்," என்று இரண்டாம்முறை வரும். "உங்களுக்கேன் கரைச்சல்," என்போம். அதற்குப் பிறகு தேத்தண்ணியும் வரும், பலகாரத் தட்டும் வரும், நாங்களும் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவோம். முதல் கேள்விக்கே ஓம் என்று பாய்கிறவரைப் பற்றி, வெளியே வந்து படியிறங்கும்போதே கதைக்கத் தொடங்கிவிடுவோம். முதல் கேள்வி மரியாதைக்குக் கேட்பது. இரண்டாவதுதான் உண்மையான கேள்வி. மன்னாரிலிருந்து பாரிஸ் வரைக்கும் இதுதான் நடைமுறை, யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

இங்கே பிறந்த பிள்ளை, அவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று அன்றிரவு என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். என் மனிசனிடம், அவளுடைய அப்பாவிடம், சொன்னேன். அவர் உணவகம் ஒன்றில் சமையல் வேலை, இடுப்பு வலிக்காரர், விமானத்தில் ஏறுவதென்றால் அவருக்கு வேப்பங்காய்.

"மிருகம் பாக்க ஆபிரிக்காவுக்குப் போக வேணுமே? காலமை எட்டு மணிக்கு மெத்ரோவிலை ஏறிப் பார், அந்தப் பாய்ச்சல் ஒரு மிருகமும் பாயாது," என்றார்.

அவரிடம் சொன்னேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

அடுத்த கிழமை மகள் போனில் எடுத்தாள். விமானச் சீட்டைப் பற்றிச் சொன்னாள், ஊசி போடுவதைப் பற்றிச் சொன்னாள். பிறகு, நாளைக்கு மழை வருமாம் என்று சொல்கிற குரலில், "மாமியும் எங்களோடை வாறா," என்றாள்.

"எந்த மாமி?"

"என்ரை மாமிதான் அம்மா. வேறை எந்த மாமி?"

"நல்லது பிள்ளை. சந்தோஷம்," என்றேன். போனை வைத்துவிட்டு, அடுப்பில் இருந்த பருப்பு அடிப்பிடித்துக் கருகும்வரைக்கும் அப்படியே நின்றேன்.

பொறாமையா என்று கேட்டால், ஓம், பொறாமைதான். இதை மறைத்து எனக்கு என்ன கிடைக்கப்போகிறது?

சம்பந்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அவர் புதுச்சேரிக்காரர். பிறப்பாலேயே பிரெஞ்சுக் குடியுரிமை. எங்களைப் போல அகதி அலுவலகத்து வாசலில் குளிரில் நின்றதெல்லாம் அவருக்குக் கதை. நகரசபையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புருஷன் இல்லை, ஒரு பூனை இருக்கிறது. தலைமுடியைக் கழுத்தோடு கத்தரித்து அழகாகச் சாயம் போட்டிருப்பார். எபினே-சூர்-செய்னில் அவருடைய கட்டடத்துக்கு எதிர்க் கட்டடத்தில்தான் என் மகள் குடியிருக்கிறாள். மகளைப் பார்க்க நான் இரண்டு ரயில் மாறிப் போகவேண்டும். அவருக்கு ஒரு தெருவைக் கடந்தால் போதும். வேலை முடிந்து மகள் களைத்து வந்தால் இவர் சூப் கொண்டுபோய்க் கொடுக்கிறாராம். "மாமியின்ரை சூப் என்ன ருசி தெரியுமோ அம்மா," என்று என்னிடமே வந்து சொல்வாள். அதில் ஒரு லீக்ஸும் உருளைக்கிழங்கும்தான் கிடக்கும், கறித்தூள் கூடப் போடமாட்டார்.

ஆனால் நல்ல மனுஷி. அதுதான் பெரிய கரைச்சல். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

கேட்டவுடனே ஓம் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். வெள்ளைக்காரரோடு முப்பது வருஷம் வேலை செய்தவர். "உய், அவெக் பிளேசிர்" என்று, ஓம் சந்தோஷமாக வருகிறேன் என்று, கொஞ்சமும் வெட்கப்படாமல் சொல்லியிருப்பார். எங்களுக்குத்தான் மரியாதை, மண்ணாங்கட்டி எல்லாம். அவருக்கு ஒட்டகச்சிவிங்கி, எனக்குக் கருகின பருப்பு.

ஒட்டகச்சிவிங்கி என்றது சும்மா வாயில் வந்ததல்ல. நாங்கள் பாரிசுக்கு வந்த புதிதில் ஒற்றை அறையில் இருந்தோம். யாரோ வேண்டாமென்று தெருவில் வைத்த தொலைக்காட்சிப் பெட்டியை மனிசன் தோளில் சுமந்து கொண்டுவந்தார். எனக்குப் பிரெஞ்சு ஒரு சொல் தெரியாது. செய்தி பார்த்தாலும் விளங்காது, நாடகம் பார்த்தாலும் ஏன் அழுகிறார்கள் என்று தெரியாது. மிருகங்கள் வருகிற நிகழ்ச்சி மட்டும்தான் விளங்கும். சிங்கம் எதற்குப் பதுங்குகிறது என்று அறிய மொழி எதற்கு? கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பேன். ஒருநாள் ஒட்டகச்சிவிங்கி தண்ணீர் குடிக்கிறதைக் காட்டினார்கள். அத்தனை உயரம், அத்தனை வடிவு, ஆனால் ஒரு வாய்த் தண்ணீருக்கு முன்னங்கால் இரண்டையும் அகட்டி, தடுமாறி, நாலு பக்கமும் பயந்து பார்த்து, கழுத்தைக் கீழே இறக்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் காலத்தில் எனக்கு எதற்கும் அழுகை வரும் என்பது வேறு விஷயம். ஆனால் இதை ஒருநாள் நேரே பார்க்கவேண்டும் என்று அன்றைக்கே மனதில் விழுந்துவிட்டது.

மகள் வளர்ந்து என் பக்கத்தில் இருந்து பார்க்கத் தொடங்கினாள். அவள்தான் எனக்கு வர்ணனையை மொழிபெயர்த்துச் சொல்வாள். முதலாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள், "நான் பெரிசா வந்து உழைக்கேக்கை உங்களை அங்கை கூட்டிக்கொண்டு போவன் அம்மா," என்றாள். பிள்ளைகள் சொல்கிற பேச்சுத்தான். நான் கேட்டு வாங்கினதல்ல. ஆனால் சொன்னாளா இல்லையா?

அவளைப் போல ஒரு பிள்ளையை நான் கண்டதில்லை. அடம் என்றால் என்னவென்று தெரியாது. மற்றத் தாய்மார் கடைக்குள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அவதிப்படுவார்கள். என் பிள்ளைக்கு ஒருதரம் இல்லையென்று சொன்னால் போதும், அந்தப் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். வளர்ப்பு என்றால் அப்படித்தான் என்று எல்லாரிடமும் பெருமையடித்திருக்கிறேன்.

நான் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு சேலைக் கடையின் பின்னறையில் தைக்கிறேன். சட்டை தைப்பது, சேலைக்கு ஓரம் அடிப்பது, காற்சட்டை கட்டையாக்குவது எல்லாம் என் வேலை. மேலே பாலத்தில் மெத்ரோ போகும்போது ஊசி டப்பா மேசையில் நடுங்கும். லா சப்பலில் ஒரு செய்தியை ஒளித்துவைக்க முடியாது. வாழையிலை வாங்கப் போன இடத்தில் ஒருவர் கேட்டார், நகைக்கடை வாசலில் ஒருவர் கேட்டார். கடைக்கார அம்மா எப்போது கேட்பார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வெள்ளிக்கிழமை, கடையில் நாலைந்து பேர் நிற்கிற நேரம் பார்த்துக் கேட்டார்.

"என்னக்கா, உங்கடை சம்மந்தி சிங்கம் பாக்கப் போறாவாமே?"

"ஓம். மகள்தான் கூட்டிக்கொண்டு போறாள்."

"நீங்கள் போகேல்லையோ?"

"என்னைத்தான் முதல் கேட்டவள். நான்தான் வேண்டாமெண்டு விட்டுக்குடுத்தனான். பாவம், அவ தனிச்ச மனுஷி."

எப்படி இருக்கிறது? ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் சொல்லி முடித்தபோது கையிலிருந்த சட்டையின் கைத்துண்டை மாறித் தைத்திருந்தேன். பிரித்துத் திரும்பத் தைக்க மத்தியானமாகிவிட்டது.

அதற்குப் பிறகு கிழமைக்குக் கிழமை ஒரு புதினம் வரும். சம்பந்தி தூரக்கண்ணாடி வாங்கிவிட்டாராம். சம்பந்தி எந்தப் பறவைக்கு என்ன பெயர் என்று நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படிக்கிறாராம். கென்யாவுக்குள் பிளாஸ்டிக் பை கொண்டுபோக விடமாட்டார்கள் என்று சம்பந்தி கண்டுபிடித்து, எல்லாருக்கும் துணிப்பை ஒழுங்கு செய்துவிட்டாராம். இப்படி நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தால் நான் தைத்துக் கொடுத்திருக்க மாட்டேனா? யாரோ கடையில் வாங்கின துணிப்பையாம்!

நடுவில் ஒரு நம்பிக்கை வந்தது. மஞ்சள் காய்ச்சல் ஊசியை வயது போனவர்களுக்குப் போடுவதென்றால் வைத்தியர் யோசித்துத்தான் போடுவாராம். சம்பந்திக்கு அறுபது எப்போதோ தாண்டிவிட்டது. அந்த ஞாயிறு பூசைக்குப் போய் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். எதற்கென்று வாய்விட்டுச் சொல்லவில்லை. அவவுக்கு நோய் வருத்தம் ஒன்றும் வரவேண்டாம், வைத்தியருக்குக் கொஞ்சம் யோசனை வந்தால் போதும் என்றுதான் மனதுக்குள் இருந்தது. வைத்தியர் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, "மதாம், உங்களுக்கு நாற்பது வயசுக்காரியின் உடம்பு," என்று சொல்லி அன்றைக்கே ஊசியைப் போட்டு அனுப்பிவிட்டாராம். மகள் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். மாதா யார் பக்கம் என்று எனக்கு விளங்கிவிட்டது.

ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை சம்பந்தி கடைக்கே வந்துவிட்டார். கையில் இரண்டு நீளக் காற்சட்டை. ஒன்று மண் நிறம், மற்றது கடும் நீலம்.

"சம்பந்தி, நல்லா இருக்கீங்களா? ரெண்டும் நீளமா இருக்கு, கட் பண்ணித் தைக்கணும். வெளியில குடுக்க மனசு வரல. நீங்க தச்சாத்தான் எனக்குத் திருப்தி."

பாருங்கள். அவருடைய ஆபிரிக்கக் காற்சட்டையை நான் தைக்க வேண்டுமாம். "அதுக்கென்ன, வாங்கோ," என்று முக்காலியில் ஏற்றி நிறுத்தினேன். கடைக்கார அம்மா காதை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு பழைய சேலைகளை மடித்துக்கொண்டிருந்தார்.

நான் நிலத்தில் முழங்காலில் இருந்து ஊசி குத்திக்கொண்டு வந்தேன். சம்பந்தியின் கணுக்கால் என் முகத்துக்கு நேரே. கொஞ்சம் கூடவாகக் கட்டையாக்கிவிட்டால் காட்டில் நுளம்பு வந்து கணுக்கால் முழுக்கக் கடிக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததைச் சொல்கிறேன். ஆனால் செய்யவில்லை. பொறாமை என்னுடையது, தையலும் என்னுடையது, ஒன்றுக்காக மற்றதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. நீலக் காற்சட்டையைப் பற்றித்தான் வாயைத் திறக்கவில்லை. கடும் நீலத்தைக் கண்டால் அங்கே ஒரு கடி ஈ தேடி வரும் என்று தொலைக்காட்சியில் கேட்டிருக்கிறேன். புத்தகம் படிக்கிறவர்தானே, தானே கண்டுபிடிக்கட்டும்.

"நீங்களும் வந்திருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும் சம்பந்தி," என்றார் மேலேயிருந்து.

"எனக்கு இதிலையெல்லாம் அவ்வளவு விருப்பமில்லை."

"நானும் அப்படித்தான் சொன்னேன். உங்க பொண்ணு விட்டாத்தானே!"

ஊசி என் கையில் அப்படியே நின்றது. "விடேல்லையோ?"

"எங்க விட்டா! முதல்ல கேட்டா, இந்த வயசுல எனக்கு எதுக்குடி வொயாழ், பயணம்லாம்னேன். மறுநாள் மறுபடி வந்தா, முட்டி வலின்னேன். அப்புறம் ஒருநாள் சூப் குடிச்சிகிட்டே கேட்டா, பூனைய யாரு பாத்துக்கறதுன்னேன். நாலாவது தடவ என்ன பண்ணா தெரியுமா? பக்கத்துல உக்காந்து என் கையப் புடிச்சிகிட்டு, 'மாமி, எங்கட ஆக்கள் முதல்ல வேண்டாமெண்டுதான் சொல்லுவினம், எனக்குத் தெரியும், உண்மையைச் சொல்லுங்கோ'ன்னா. உங்க பாஷையிலயே சொன்னா. அதுக்கப்புறம் எப்படி மாட்டேங்கறது? தங்கமான பொண்ணு பெத்திருக்கீங்க."

"இறங்குங்கோ," என்றேன். "அளவு எடுத்தாச்சு."

அவர் போனபிறகு மெஷினில் இருந்தேன். நாலு தரம்! அவருக்கு நாலு தரம், கையைப் பிடித்து, பக்கத்தில் இருந்து! எனக்கு ஒரு தரம், இறால் குழம்புக்கு நடுவில்! இங்கே பிறந்த பிள்ளைக்குத் தெரியாது என்று நினைத்தேனே, அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எங்கட ஆக்கள் முதலில் வேண்டாமென்றுதான் சொல்வார்களாம். அப்படியென்றால் நான் யாருடைய ஆள்?

கடைக்கார அம்மா ஒரு பிளேன்ரீயும் மரக்கறி றோல்ஸும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். கேலி ஒன்றும் பேசவில்லை. அவர் கேலி பேசாவிட்டால் என் முகம் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு காற்சட்டையையும் அன்றைக்கே தைத்து, மடித்து, பையில் போட்டுக்கொண்டு கார் து நோர் ரயில் நிலையத்துக்கு நடந்தேன். சாட்டுக்குக் காற்சட்டை இருந்தது. எபினே ரயிலில் ஏறி நின்றபடியே போனேன். என்னென்ன சொல்ல வேண்டும் என்று வழி முழுக்க அடுக்கிக்கொண்டு போனேன். பெற்ற வயிறு, வளர்த்த கை என்று எல்லாம் அந்த அடுக்கில் இருந்தது. பக்கத்தில் நின்ற பெண் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன் போல.

மகள் கதவைத் திறந்தாள். அப்போதுதான் வேலையால் வந்து முகம் கழுவியிருந்தாள். மருமகன் இன்னும் வரவில்லை.

"அம்மா! சொல்லாமல் கொள்ளாமல்! என்ன நடந்தது?"

"உன்ரை மாமியின்ரை காற்சட்டை. இந்தா."

"இதுக்காகவே இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

அடுக்கி வைத்தது எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "அவவை நாலு தரம் கேட்டனியாம்," என்றேன். குரல் சின்னப் பிள்ளையினுடையது மாதிரி வந்தது. "என்னை ஒருக்காத்தானே கேட்டனீ?"

அவள் விளங்காமல் பார்த்தாள். பிறகு விளங்கியது. கதவைச் சாத்திவிட்டு வந்து கதிரையில் இருந்தாள்.

"நீங்கள் வேண்டாமெண்டு சொன்னீங்கள் அம்மா."

"அவவும் வேண்டாமெண்டுதானே சொன்னவ!"

"மாமி வேண்டாமெண்டா அது கேக்கச் சொல்லிறது. நீங்கள் வேண்டாமெண்டா வேண்டாம்தான்," என்றாள். பிறகு பிரெஞ்சுக்கு மாறிவிட்டாள். மனம் கலங்கினால் அவள் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளையும் பனிமலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்களே, நினைவிருக்கிறதா என்று கேட்டாள். நான் இல்லையென்றேனாம். அவள் இரண்டாம்முறை வந்து கேட்டாளாம். "திருப்பிக் கேட்டால் வாயிலை அடி விழும்" என்று நான் சொன்னேனாம். பிரெஞ்சுக்கு நடுவில் அந்த ஒரு வசனத்தை மட்டும் தமிழில், என் குரலிலேயே சொன்னாள். பிறகு தமிழிலேயே கேட்டாள், "அதுக்குப் பிறகு நான் உங்களை எதையும் திருப்பிக் கேட்டிருக்கிறனோ? யோசிச்சுப் பாருங்கோ."

யோசித்துப் பார்த்தேன். கேட்டதில்லை. லா சப்பல் முழுக்க நான் பெருமையடித்த வளர்ப்பு எதிரே கதிரையில் இருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"சின்னனிலை எனக்கொரு வாக்குத் தந்தனீ," என்றேன். "அதுவும் மறந்துபோச்சு."

"மறக்கேல்லை," என்றாள். "ஒட்டகச்சிவிங்கி தண்ணி குடிக்கிறதுக்கெண்டுதானே அந்த இடத்தையே பிடிச்சனான். கூடாரத்துக்கு முன்னாலை ஆறு ஓடுது அம்மா. ஒருத்தரையும் கேக்க முதல் உங்களைத்தான் கேட்டனான். நீங்கள் சின்னனுகள் போட்டு வாங்கோ எண்டு சொல்லிப்போட்டு இறாலை ஊத்தினீங்கள்."

அன்றைக்கு ஏன் அவ்வளவு கெதியாக அடுத்த படத்துக்குப் போனாள் என்று அப்போதுதான் விளங்கியது. எதிர்க் கட்டடத்து ஜன்னலில் சம்பந்தியின் பூனை படுத்திருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் என் வாழ்க்கையில் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. தந்தால் வேண்டாமென்பேன், திரும்பத் தந்தால் வாங்குவேன். கேட்பதென்றால் எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. பையின் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டே, "என்னையும் கூட்டிக்கொண்டு போ," என்றேன்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். மேசையிலிருந்த போனை எடுத்து எதையோ தேடினாள். ஓகஸ்ட் என்றாள், விமானம் என்றாள், தனக்குள்ளேயே முணுமுணுத்தாள்.

"பிளேனிலை இடம் கிடக்கு," என்றாள். "ஜீப்பிலையும் கிடக்கு. ஆனா வேறை கூடாரம் இல்லை. மாமியின்ரை கூடாரத்திலை மற்றக் கட்டில்தான் சும்மா கிடக்கு. அவவோடை இருக்க வேணும். வாறீங்களோ?"

சம்பந்தியோடு ஒரே கூடாரம். அந்த நாற்பது வயது உடம்பு விடிய எழும்பி உடற்பயிற்சி செய்யும். தூரக்கண்ணாடியால் பறவை பார்த்துப் பெயர் சொல்லும். "வேண்டாம் பிள்ளை" என்பது நாக்கின் நுனியில் வந்து நின்றது. மென்று விழுங்கினேன்.

"ஓம்," என்றேன். "அவவை அந்த நீலக் காற்சட்டையைப் போட வேண்டாமெண்டு சொல்லு. ஈ கடிக்கும். பிறகு ரெண்டு பேரையும் கடிக்கும்."

மகள் சிரிக்கவில்லை. நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"உண்மையா வாறீங்களோ அம்மா?"

"ஓம்."

என் கையைப் பிடித்தாள். முகம் கழுவின ஈரம் இன்னும் அவளுடைய விரல்களில் இருந்தது.

"எனக்காகச் சொல்லேல்லையே? உங்களுக்கு விருப்பமோ? வாறீங்களோ?"

"ஓம் எண்டு சொல்லுறன்."

அவள் எழும்பப் பார்த்தாள். நான் கையை விடவில்லை. மனதுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டேன், அன்றைக்கு மூன்று தரம்தான் கேட்டிருந்தாள்.

"இன்னொருக்காக் கேள்," என்றேன்.